மாடியில் ஏவுகணை, வாசலில் ஆள் இல்லை

கேள்வி: 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது குடியிருப்பு மாடிகளில் ஏவுகணை வைத்தார்களாமே! சுட்டிருந்தால் விமானம் ஊர் தலையில்தானே விழுந்திருக்கும்? இது பாதுகாப்பா, படம் காட்டுவதா?

பதில்: இரண்டும்தான். ஆனால் உங்கள் கோபம் போகவேண்டிய இடம் வேறு.

வைத்தது ஆறு இடங்களில். பிளாக்ஹீத் திடல் உள்ளிட்ட நான்கு திறந்தவெளிகளில் ‘ரேப்பியர்’ ஏவுகணை; ‘போ’ (Bow) என்ற பகுதியில் ஒரு குடியிருப்பின் தண்ணீர்க் கோபுரத்திலும், லேட்டன்ஸ்டோனின் 17 மாடி ஃப்ரெட் விக் டவரிலும் ‘ஸ்டார்ஸ்ட்ரீக்’ ஏவுகணை. டவர்வாசிகள் கோர்ட்டுக்குப் போய், ஜூலை 10 அன்று தோற்றார்கள்.

ஏன் மாடி? ஸ்டார்ஸ்ட்ரீக் ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் பாயும். ஆனாலும் இலக்கைத் தொடும்வரை சுடுபவர் குறியை அதன்மேல் வைத்தபடியே இருக்கவேண்டும். லேசர்தான் அதற்கு வழிகாட்டி. நடுவில் ஒரு கட்டடம் மறைத்தால் தீர்ந்தது. தாழப் பறந்து வரும் குட்டி விமானத்தைத் தெருவில் நின்று பார்க்கவே முடியாது.

இப்போது கணக்குப் போடுங்கள். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் வரும் செஸ்னா போன்ற குட்டி விமானம், நிமிடத்துக்கு 3 கி.மீ. கடக்கும். கடைசி 6 கி.மீ.க்கு இரண்டே நிமிடம். வருபவர் வழி தவறிய பொழுதுபோக்கு விமானியா, வேண்டுமென்றே வருகிறவரா என்று அந்த நேரத்தில் யார் முடிவு செய்வது? ஆகவே முடிவு வெகு தூரத்திலேயே நடந்தாகவேண்டும். ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 15 வரை லண்டனைச் சுற்றி வான்வெளிக் கட்டுப்பாடு: முன்கூட்டியே பறப்புத் திட்டம், விமானத்துக்கென்று தனி டிரான்ஸ்பாண்டர் எண் (ரேடாருக்குத் தன்னை அடையாளம் காட்டும் கருவியின் எண்), விடாத ரேடியோ தொடர்பு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் சந்தேகப் பட்டியல்.

அடுத்து, பக்கத்தில் போய்ப் பார்ப்பது. நார்த்தோல்ட் விமானப்படைத் தளத்தில் ‘டைஃபூன்’ போர் விமானம் நின்றது. ஆனால் போர் விமானத்தால் செஸ்னாவின் வேகத்துக்கு இறங்கிப் பறக்க முடியாது; தாண்டிப் போய்விடும். அதற்குத்தான் இல்ஃபோர்டில் பூமா ஹெலிகாப்டர்களும், தேம்ஸில் நின்ற ‘ஓஷன்’ கப்பலில் லின்க்ஸ் ஹெலிகாப்டர்களும், உள்ளே குறிபார்த்துச் சுடும் வீரர்களும். 121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற அவசரகால ரேடியோ அலைவரிசையில் கூப்பிடுவார்கள், பக்கவாட்டில் வந்து சைகை காட்டுவார்கள், தீச்சுடர் விடுவார்கள். இப்படிச் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் அறிவிப்பைப் படிக்காமல் கிளம்பிய அப்பாவிகள். இத்தனையும் தாண்டினால்தான் ஏவுகணை. சிதறல் வீடுகள்மேல் விழும் என்பது உண்மைதான். விட்டால் 80,000 பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கம்.

சுடும் அதிகாரமே இல்லாமலும் ஒரு நாடு விழா நடத்தியிருக்கிறது. 2003இல் ஒருவர் மோட்டார் கிளைடரைக் கடத்தி ஃபிராங்பர்ட் வங்கிக் கட்டடங்களைச் சுற்றிவர, கடத்தப்பட்ட விமானத்தை வீழ்த்த ஜெர்மனி சட்டம் போட்டது. 2006 பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது: அப்பாவிப் பயணிகளின் உயிரை அரசு எடைபோட முடியாது என்று. நான்கு மாதத்தில் அங்கேயே கால்பந்து உலகக் கோப்பை. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும். அன்று காவல் பொறுப்பில் இருந்தவர்களுக்குப் பிடித்திருக்காது.

லண்டன் கோட்டை விட்டது தரையில். 10,400 காவலர் தருவதாக ஒப்பந்தம் போட்ட ஜி4எஸ் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம், தொடக்க விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் கைவிரித்தது. ஆட்களைத் தேர்வு செய்து, பயிற்சி கொடுத்து, பின்னணி சரிபார்த்து, பணி அட்டவணையில் சேர்க்கும் வேலை கடைசி மாதத்தில் குவிந்ததன் விளைவு. உடனடியாக 3,500 ராணுவத்தினர் பை சோதிக்க வந்தார்கள். வாசலில் ஆள் எங்கே? கேட்டிருக்கவேண்டிய கேள்வி இதுதான்.

இன்றைய தலைவலி ட்ரோன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்து மகளிர் கால்பந்துப் பயிற்சிக்கு மேலே ஒன்று சுற்றியது. விட்டது கனடா அணியைச் சேர்ந்தவர்! போலீஸ் பிடித்தது இயக்கியவரை. கனடாவுக்கு 6 புள்ளி வெட்டு. அரங்கில் ஜாமர் (சிக்னலை முடக்கும் கருவி) போட்டால் ஒளிபரப்புக்காரர்களின் வயர்லெஸ் கருவிகளும் வைஃபையும் சேர்ந்து படுக்கலாம். பல ட்ரோன்கள் ஓடுவதும் வைஃபையின் அதே 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில்தான். வழியை முன்பே பதித்து அனுப்பினால் ரிமோட் சிக்னலே வேண்டாம். ஜிபிஎஸ்ஸை முடக்கலாம், ரோந்து ஹெலிகாப்டருக்கும் அதுதானே? சுற்றியுள்ள பூங்காவிலும் பார்க்கிங்கிலும் போலீஸை நடக்கவிடுவது இன்னும் மலிவான வழி.