பாதிப்பது யார்?

கேள்வி: மண்டபம் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுகிறேன். என் அம்மாவும் பாசிக்குப் போனவர்தான். தகவலுக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு இயலையும் 'நடையைச் சரிசெய்யவும்' என்று எழுதி நெறியாளர் திருப்பித் தருகிறார். எதைச் சரிசெய்வது? ஒரு பகுதியை இணைத்திருக்கிறேன்.
- ஆய்வு மாணவி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: உங்கள் முதல் வாக்கியம் இது: "பெண்களால் கடற்பாசி சேகரிப்புப் பணியானது மேற்கொள்ளப்பட்டு வருகின்ற நிலையில், அவர்களது வாழ்வாதாரம் பல்வேறு பாதிப்புகளுக்கு உள்ளாக்கப்படுகிறது."

முன்பாதி எளிது. பெண்கள் பாசி எடுக்கிறார்கள், அவ்வளவுதான். சிக்கல் பின்பாதியில் இருக்கிறது. பாதிப்பது யார்? 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்த அரசா? பாசிக்கு விலை வைக்கும் வியாபாரியா? கடலில் இறங்கவிடாத காற்றா? நீங்கள் இன்னும் முடிவுசெய்யவில்லை. 'படுகிறது' அதை மூடி மறைக்கிறது. மூன்றும்தான் என்றால் மூன்று வாக்கியம் எழுதுங்கள். (செயப்பாட்டு வினையே ஆகாது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். 'மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகார் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கப்படுகிறது' என்பதில் ஒரு குறையும் இல்லை. எடுப்பவர் யார் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.)

அப்புறம், சொல். ஒரே பத்தியில் பாசி சேகரிப்பு, பாசி அறுவடை, பாசி வளர்ப்பு என்று மாற்றி மாற்றி எழுதியிருக்கிறீர்கள். சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள். ஆய்வேட்டில் சொல் மாறினால் பொருளும் மாறிவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார். உங்கள் கடலில் அது உண்மையும்கூட. மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்த்து 45 நாளில் அறுப்பது ஒரு தொழில். தானாய் வளர்ந்ததை மூழ்கிப் பாறையிலிருந்து எடுப்பது வேறு தொழில். உங்கள் அம்மா செய்தது இரண்டாவது. அதற்கு ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள், சலித்தாலும் பரவாயில்லை.

'பெரும்பாலானோர்' வேண்டாம். பேட்டி கண்ட 40 பேரில் எத்தனை பேர் என்று எண்ணிப் போடுங்கள்.

கடைசியில் அம்மாவின் பேச்சை மேற்கோளாகக் கொடுத்திருக்கிறீர்கள்: "விரல்ல துணி சுத்திக்கிட்டு இறங்குவோம். தண்ணி கலங்கலா இருந்தா திரும்பிருவோம்." அதன் கீழே உங்கள் விளக்கம்: "நீர்த்தெளிவின்மை காரணமாகப் பணி தடைபடும் சூழல் காணப்படுகிறது." சரி, அந்த விளக்கத்தை அடித்துவிடுங்கள். அம்மா சொன்னதே இருக்கட்டும்.