கட்டுமான மாணவர்களுக்கு ரோபோவுடன் வேலை செய்ய வி.ஆர். (ஹெட்செட் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் உலகம்) மூலம் கற்றுத்தர முடியுமா? எப்படித் தொடங்குவது?

முடியும். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 50 கட்டுமானத் தொழிலாளர்களை வைத்து இடிப்பு ரோபோ பயிற்சியில் இதைச் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். நேரடிப் பயிற்சி பெற்றவர்களைவிட வி.ஆர். குழு அறிவு, திறன், பாதுகாப்பு மூன்றிலும் முன்னேறியிருந்தது.

என் கருத்தில் முதல் பாடம் எங்கே நிற்பது என்பது. ஜாய்ஸ்டிக் பிறகு வரட்டும். ப்ரோக் 110 போன்ற இடிப்பு ரோபோ ஏறத்தாழ ஒரு டன் எடை. கேபின் கிடையாது, ரிமோட் பெட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஆள் கூடவே நடக்க வேண்டும். அதனால்தான் சுவருக்கும் எந்திரத்துக்கும் நடுவே சிக்கும் ஆபத்து.

வி.ஆரில் குறுகலான ஓர் அறையை உருவாக்குங்கள். வேலையின் நடுவே மின்கேபிள் எந்திரத்தின் அடியில் மாட்டட்டும். மாணவர் எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டுப் போகிறாரா, அப்படியே குனிகிறாரா? தேர்வே இதுதான். தலை இருக்கும் இடத்தை விநாடிக்கு 10 முறை பதிவு செய்து, முடிந்ததும் மேலிருந்து பார்க்கும் காட்சியாக அவருக்கே ஓட்டிக் காட்டுங்கள். எந்திரத்தின் கை தலைக்கு எவ்வளவு அருகில் வந்தது என்று அப்போதுதான் உறைக்கும்.

இதில் டெலிபோர்ட், அதாவது பொத்தானை அழுத்தி வேறிடத்துக்குத் தாவும் வசதி, வேண்டவே வேண்டாம். ஆபத்து வட்டத்தைக் கடக்காமலே மாணவர் தாவிவிடுவார், பாடம் வீணாகிவிடும். காலியான கூடத்தின் அளவுக்கே அறையை வரைந்து, காலால் நடக்க விடுங்கள். தலைசுற்றலும் குறையும். பிரேம் ரேட், அதாவது விநாடிக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கை, 72-க்குக் கீழே போகக் கூடாது.

ஜாய்ஸ்டிக்கை விட்டதும் எந்திரத்தின் கை சட்டென்று நிற்கும்படி நிரல் எழுதுவது பலரும் செய்யும் தவறு. நிஜத்தில் நிற்க நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தை அளந்து சேருங்கள். எந்திரப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 13855 நடக்கும் ஆளின் வேகத்தை விநாடிக்கு 1600 மி.மீ. என்று கொள்கிறது. எந்திரம் நிற்க 0.8 விநாடி ஆனால் அதற்குள் ஆள் 1280 மி.மீ. நெருங்கிவிடுவார். பாதுகாப்புத் தூரத்துக்கு இதற்கு மேலும் கூட்ட வேண்டும். இந்தக் கணக்கை மாணவரே போடட்டும்.

இன்னொன்று: ஹெட்செட்டில் தூரம் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். பாதுகாப்பான தூரமே கிட்டத்தில் இருப்பதுபோலப் பார்த்துப் பழகியவர்கள், தளத்திலும் அவ்வளவு கிட்டத்தில் நின்றால் போதும் என்று தேவைக்கு மேல் நெருங்கி நிற்கக்கூடும். ஆகவே அன்றைக்கே நிஜத் தரையில் டேப் பிடித்து அதே தூரத்தை அளக்க வையுங்கள்.