வரி கேளுங்கள்: அமெரிக்க எண்ணுக்குப் பதினைந்தாயிரமா?

கேள்வி: குடியாத்தம் கைத்தறி லுங்கி நெசவு பற்றி யூடியூப் சேனல் நடத்துகிறேன். பார்ப்பவர்களில் பலர் அமெரிக்கத் தமிழர்கள். "அமெரிக்க வணிக வரி எண் இல்லாவிட்டால் பணம் நின்றுவிடும், 15,000 ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்" என்கிறார் காட்பாடியில் ஒருவர். கொடுக்கலாமா ஐயா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மா. ஈ.ஐ.என். எனப்படும் அந்த எண்ணை அமெரிக்க வருவாய்த் துறை இலவசமாகவே தருகிறது. தவிர, உங்களுக்கு அது தேவையே இல்லை. தனிநபராகச் சம்பாதிக்கும் நீங்கள், யூடியூப் பணம் வந்து சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில், அமெரிக்கர் அல்லாதவருக்கான டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்பி, வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் போதும். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையையும் அதிலேயே கோருங்கள். அமெரிக்க வரிப் பிடித்தம் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறையும். அதுவும் அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் பங்குக்கு மட்டும். படிவமே தராமல் சும்மா இருந்தால்தான் ஆபத்து: உலகம் முழுவதிலிருந்தும் வரும் வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள்.

பிடித்ததற்கான 1042-எஸ் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். இங்கே கணக்குத் தாக்கல் செய்யும்போது அந்த வரியை இந்திய வரியில் கழித்துக்கொள்ளக் கோரலாம். காட்பாடிக்காரர் இதைச் சொல்லியிருக்கமாட்டார்!

நாளை அமெரிக்காவில் நிறுவனமே பதிவு செய்தால் எண் வேண்டியிருக்கும். அப்போது எஸ்எஸ்-4 என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்நாட்டு சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ தனிநபர் வரி எண்ணோ (ஐ.டி.ஐ.என்.) இல்லாதவர் இணையத்தில் விண்ணப்பிக்க இயலாது. ஃபேக்ஸ், தபால் வழிகள் உண்டு.

இப்போதைக்கு ஆட்சென்ஸில் உள்ள பெயரும் பான் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இனிஷியலில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல் வருகிறது.