மத்திய வங்கிக்குச் சுதந்திரம் இருந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: வளர்ந்த நாடுகளில் அரசின் தலையீடு இல்லாமல் மத்திய வங்கி இயங்கினால் நிதித்துறை ஆட்டம் காணாமல் இருக்குமா?

இருக்காது. மதுரை தல்லாகுளத்தில் போட்டித் தேர்வுக்குப் பொருளாதாரம் நடத்துகிறேன். மாணவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள். வட்டி விகிதத்தை யார் முடிவு செய்வது என்பது ஒரு விஷயம். வங்கிகளின் கணக்கை யார் துருவிப் பார்ப்பது என்பது வேறு விஷயம்.

1997 மே மாதம், பதவிக்கு வந்த கையோடு, பிரிட்டன் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் வட்டியை முடிவு செய்யும் அதிகாரத்தை அந்நாட்டு மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியிடம் ஒப்படைத்தார். நல்ல முடிவு. தேர்தல் நெருங்கினால் வட்டியைக் குறைக்கும் ஆசை எந்த அமைச்சருக்கும் வரும். ஆனால் வங்கிகளைக் கண்காணிக்கும் வேலையை அதனிடமிருந்து பிரித்து வேறொரு அமைப்புக்குத் தரப்போவதாகவும் அதே மாதம் அறிவித்தார்.

2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகள் முன்னால் மக்கள் வரிசையில் நின்றார்கள். வீட்டுக் கடன் கொடுக்க அந்த வங்கி பெரிதும் நம்பியிருந்தது, சந்தையில் திரட்டிய பணத்தை. அது வறண்டதும் தள்ளாடிவிட்டது. மக்கள் பதறியதில் நியாயம் இருந்தது. அன்றைய வைப்புக் காப்பீட்டில் முதல் 2,000 பவுண்டுக்குத்தான் முழு உத்தரவாதம். அடுத்த 33,000 பவுண்டுக்கு 90 சதவீதம். வைப்புத்தொகைக்கு அரசே பொறுப்பு என்று அறிவித்த பிறகுதான் வரிசை கலைந்தது.

சிம்மக்கல்லில் மூடிய நிதி நிறுவனம் ஒன்றின் ஷட்டர் முன்னால், பாஸ் புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு என் அத்தை நின்றதைப் பார்த்தவன் நான். ரிசர்வ் வங்கி ஆளுநர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதா அவருக்குக் கவலை? அந்தக் கணக்குப் புத்தகங்களை முன்கூட்டியே ஒருவர் புரட்டியிருக்க வேண்டும். பிரிட்டனும் இதை உணர்ந்து, 2013-இல் வங்கிக் கண்காணிப்பை மத்திய வங்கியிடமே திருப்பித் தந்தது.

அப்படியானால் சுதந்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். 2022 செப்டம்பரில் அங்கே புதிய அரசு கடனை நம்பிப் பெரிய வரிக்குறைப்பை அறிவித்தது. அரசுப் பத்திரங்களின் விலை சரிந்தது. அதனால் தங்கள் கடன் ஏற்பாடுகளுக்குக் கூடுதல் பிணை (ஈடு) கட்ட வேண்டியிருந்த ஓய்வூதிய நிதிகள் பத்திரங்களை விற்றுத் தள்ள, விலை இன்னும் விழுந்தது. 28-ஆம் தேதி இங்கிலாந்து வங்கி இறங்கி அந்தப் பத்திரங்களை வாங்கத் தொடங்கியது. அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்திவிடுவோம் என்றும் அன்றே சொன்னது. நீட்டிக்கச் சொல்லி ஓய்வூதியத் துறை கேட்டும் சொன்ன நாளில் நிறுத்தியது. வாங்கிய பத்திரங்களை 2023 ஜனவரிக்குள் விற்றும் முடித்தது. அமைச்சரின் சொல்லுக்கு ஆடும் வங்கியாக இருந்திருந்தால் அந்தத் தேதியைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை.