மலை ஊர்க்காரரிடம் பழைய வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கலாமா?

கொடைக்கானல், ஊட்டிப் பக்கத்து ஆட்களிடம் பழைய லென்ஸ் வாங்கினால் பூஞ்சை இருக்கும் என்கிறார்களே, அது உண்மையா, அகன்ற காட்சியைப் படத்தில் அடக்கும் வைட் ஆங்கிள் லென்ஸை வாங்குமுன் எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கொடைக்கானலில் வசிப்பவன். ஆகவே இந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஐப்பசி மழையில் கேமராப் பையை அலமாரிக்குள் வைத்து மறந்து, என்னுடைய 18-55 லென்ஸைப் பூஞ்சைக்குப் பறிகொடுத்தவன் நான். தை மாதம் எடுத்துப் பார்த்தபோது உட்கண்ணாடியில் சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்தது. அன்றிலிருந்து காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி ஆகியவற்றை வாங்கி, ஈரப்பதத்தை 40-க்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையில் நிறுத்தி வருகிறேன். ஈரம் குடித்த ஜெல்லை வறுப்பதற்கென்று தனி வாணலியே வைத்திருக்கிறேன். சமையல் வாணலியில் வறுத்த முதல் நாளில் வீட்டில் நடந்ததை இங்கே எழுத வேண்டாம். கடற்கரை ஊரான சென்னையிலும் காற்று பல மாதங்கள் 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னைக்காரரிடம் வாங்கும்போது யாரும் பூஞ்சையைப் பற்றிப் பேசுவதில்லை.

நான் வாங்க விரும்பியது டோக்கினா நிறுவனத்தின் 11-16 மி.மீ. எஃப்/2.8 வைட் ஆங்கிள் லென்ஸ். புதுவகை மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். என்னிடம் இருப்பது நிக்கான் டி7000, அதற்கு இது போதும். நீங்களும் கையிருப்பை எண்ணிப் பார்த்துத்தான் பழைய லென்ஸைத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த லென்ஸின் முதல் பதிப்பில், நிக்கானுக்கான வகையில், தானாக ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது; கேமராவில் உள்ள மோட்டார்தான் அதை இயக்க வேண்டும். அந்த மோட்டார் இல்லாத டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும்.

விற்றவர் சமவெளியைச் சேர்ந்த ஒரு கல்யாணப் புகைப்படக்காரர். வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடையில் சந்தித்தோம். 18,000 ரூபாய் கேட்டார். என்னுடைய 70-300 லென்ஸை ஈடாக எடுத்துக்கொண்டு மீதியைப் பணமாகப் பெற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "எந்த ஊர்ண்ணே? கொடைக்கானலா? மலை லென்ஸ் வேண்டாம்ணே" என்றார். லென்ஸை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்து, இரண்டு நாள் சோதித்துப் பார்க்க அவருடைய லென்ஸை வாங்கி வந்தேன்.

முதலில் டார்ச் சோதனை. கேமராவிலிருந்து கழற்றிய இத்தகைய லென்ஸில், ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் இதழ்கள் மூடியே இருக்கும். பின்பக்கத்திலுள்ள சிறு நெம்புகோலை விரலால் தள்ளித் திறந்தால்தான் உள்ளே முழுமையாகப் பார்க்க முடியும். இதை அறியாமல் "சுத்தமாக இருக்கிறது" என்று வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. மூன்று நான்கு தூசித் துகள்கள் தெரிந்தன. அவற்றால் படத்துக்குக் கேடு எதுவும் இல்லை. பூஞ்சை இல்லை.

மறுநாள் விடியலில் கோக்கர்ஸ் வாக் போனேன்; பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம். தூண் பாறையிலும் இரண்டு படங்கள்தான் எடுக்க முடிந்தது. ஏறத்தாழ 400 அடி உயரப் பாறை 11 மி.மீ.-இல் ஊன்றி வைத்த சுண்டுவிரல் போலத் தெரிந்தது. மலையைப் பிரம்மாண்டமாகக் காட்டத்தான் வைட் ஆங்கிள் என்று எண்ணியிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அது தொலைவிலுள்ளதைச் சுருக்கி, காலடியிலுள்ள புல்லைப் பெரிதாக்கும் கருவி.

லென்ஸைச் சோதிக்கப் பனி விலகக் காத்திருக்கவும் தேவையில்லை. 11 மி.மீ. குவியத் தூரத்தில், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்த எஃப்/2.8-இல்கூட, 2.2 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஒரு மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து அடிவானம் வரை ஏறத்தாழத் தெளிவாக விழுந்துவிடும். ஆகவே எங்கள் தெருவிலுள்ள நீண்ட கல்சுவர் முன் 4 மீட்டர் தள்ளி ட்ரைபாடை நிறுத்தினேன். சுவரில் சுமார் 28 அடி நீளம் படச் சட்டத்துக்குள் அடங்கியது. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது இடது ஓரத்தில் கல்லின் பொருக்கு வரை தெரிந்தது. வலது ஓரம், அப்பர்ச்சரைச் சுருக்கிய எஃப்/8-இலும், மசமசவென்றே இருந்தது. நான் சுவருக்கு நேராக நிற்காமல் கோணலாக நின்றிருக்கலாம் என்ற ஐயம் வந்தது. எனவே கேமராவைத் தலைகீழாகப் பிடித்து மீண்டும் எடுத்தேன். குற்றம் என் நிற்பில் இருந்தால் மசமசப்பு சுவரின் அதே பகுதியில் இருந்திருக்க வேண்டும். அது சுவரின் மறுமுனைக்குப் போயிருந்தது. அதாவது லென்ஸின் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது.

விற்றவரிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மண்டபத்தில் ஒருமுறை அந்த லென்ஸ் மேடையிலிருந்து விழுந்ததை ஒப்புக்கொண்டார். பூஞ்சைக்குப் பயந்து என் லென்ஸைத் தொடாதவர், விழுந்த லென்ஸை வாய் திறக்காமல் விற்க வந்திருக்கிறார். திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லக்கூடும். 11,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னதால் வாங்கிக்கொண்டேன். பழுதான ஓரத்தில் வானமோ பனிமூட்டமோ வருமாறு சட்டம் அமைத்தால் யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் ஊரில் பனிமூட்டத்துக்குப் பஞ்சமில்லை.

மீதிப் பணம் கொடுக்கப் போனபோது 70-300-ஐயும் டார்ச்சையும் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். நெம்புகோலைத் தள்ளி, முன்னும் பின்னும் திருப்பி, நெடுநேரம் பார்த்தார். "ஒரு பொட்டுகூட இல்லைண்ணே" என்றார். பிறகு லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஆனா என்கிட்ட வாங்குறவன் எந்த ஊர் லென்ஸுன்னு கேப்பானேண்ணே."