நாலு பக்க விடையும் பன்னிரண்டு பவுனும்

அம்மா, போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்தபோது, பையிலிருந்து நீங்கள் முதலில் எடுத்தது பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை இல்லை, ஒரு பழைய திருப்புதல் தேர்வுத் தாளை. மழையைப் பற்றிய கவிதை ஒன்றைக் கொடுத்து, அதில் கவிஞரின் சிறுவயது நினைவுகள் எப்படி வெளிப்படுகின்றன என்று கேட்டிருந்தார்கள். அரைப் பக்கம் எழுதினால் போதும். உங்கள் மகள் நாலு பக்கம் எழுதி, நேரம் போய், கடைசி நெடுவினாவைத் தொடவே இல்லை. "இப்படித்தான் சார் எல்லாத்துலயும். கணக்குல 71. இவளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றீர்கள்.

அன்றைக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன். ராத்திரி அந்தத் தாளை உட்கார்ந்து படித்த பிறகு, ஆறுதல் சொன்னது தப்பு என்று பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் உங்கள் தம்பி சொல்லும் யோசனை. தனியார் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ். நகை பன்னிரண்டு பவுனை வைத்து முதல் வருஷம், மீதிக்குக் கல்விக் கடன். வேண்டாம். படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் வட்டி, பணம் கைமாறிய நாளிலிருந்தே ஏறத் தொடங்கும். கணக்கு என்றாலே முகம் சுருங்குகிற பிள்ளை இரண்டாம் செமஸ்டரில் அரியர் வைத்தால், அந்த வட்டியை உங்கள் தம்பி கட்டப் போவதில்லை. "நாலு பேருகிட்ட சொல்லிக்கிற மாதிரி இருக்கணும் சார்" என்று இரண்டு தடவை சொன்னீர்கள். அந்த நாலு பேரில் ஒருவராவது அடகுக் கடைக்கு உங்களோடு வருவாரா?

சரி, அந்த நாலு பக்கத்துக்கு வருவோம்.

கவிதை சாதாரணமானதுதான். அடுக்குமாடி வீட்டு ஜன்னலில் நிற்கிற ஒருவர் மழையைப் பார்க்கிறார், காகிதக் கப்பல் விட்ட தெருவை நினைக்கிறார். வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் 'கவிஞர் ஏங்குகிறார்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். உங்கள் மகள் வேறொன்றைப் பார்த்திருக்கிறாள். கவிதையில் சிறுவயது வருகிற வரிகள் முழுக்க 'மடித்து, விட்டு, ஓடி, வழுக்கி, எழுந்து' என்று வினையெச்சங்களாகவே போகின்றனவாம். எங்கும் வாக்கியம் முடிவதில்லை. இன்றைய ஜன்னல் வருகிற இடத்தில் மட்டும் 'சாத்துகிறேன்' என்று ஒரே ஒரு வினைமுற்று. மழையில் ஆடிய பிள்ளை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, பெரியவர் நின்றுவிட்டார் என்று எழுதியிருக்கிறாள்.

அதோடு விடவில்லை. புறநானூற்றின் 243ஆம் பாட்டுக்குப் போயிருக்கிறாள். ஒரு கிழவர் தன் இளமையை நினைக்கிற பாட்டு. மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டி, பெண்பிள்ளைகளோடு கைகோத்து, மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள ஆழமான மடுவில் 'துடுமெனப் பாய்ந்து', அடி வரை போனதற்குச் சாட்சியாக மணலை அள்ளிக்கொண்டு வந்த இளமை எங்கே போயிற்று என்று கேட்கிறார். அங்கேயும் தைஇ, பிணைந்து, தூங்கி, ஏறி, பாய்ந்து, குளித்து என்று எச்சம் எச்சமாகத்தான் இளமை ஓடுகிறது. இப்போது அவர் கோலூன்றி நடுங்குகிறார். இருமலுக்கு நடுவே சில சொற்கள்தான் வருகின்றன. 'தொடித்தலை விழுத்தண்டு' என்று அவர் சொன்ன அந்தக் கோலே புலவருக்குப் பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் ஆகிவிட்டார். இரண்டு பாட்டிலும் நினைவு ஒரே இலக்கணத்தில் வருகிறது என்று உங்கள் மகள் முடிக்கிறாள். பதினேழு வயதில்! நான் எம்.ஏ. படித்தபோதுகூட இப்படி ஒரு கண் எனக்கு இருக்கவில்லை.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "கவிதை எழுதப் பிடிக்குமா, பிரிச்சுப் பார்க்கப் பிடிக்குமா?" என்று கேட்டேன். "பிரிச்சுப் பார்க்கத்தான் சார். எழுதினா கண்றாவியா இருக்கும்" என்றாள். அந்தப் பதில்தான் எனக்கு வேண்டியிருந்தது.

தமிழ் படித்தால் பி.எட்., டெட், குரூப் தேர்வு என்று உங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒரு படிப்பு மொழியியல். ஒலி, சொல், தொடர், பொருள் என்று மொழி உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்று ஆராய்கிற துறை. 'படி' என்று சொன்னால் வாசலில் இருக்கிற படியா, பாடம் படிப்பதா, அரிசி அளக்கிற படியா, 'சொன்னபடி'யா என்று நமக்கு யோசிக்காமலே தெரியும். கைபேசிக்குத் தெரியாது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்குத்தான்' என்பதை நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இயந்திரம் அதைப் பல துண்டாகப் பிரித்தால்தான் மொழிபெயர்க்கவோ பேச்சை எழுத்தாக்கவோ முடியும். எங்கே பிரிக்க வேண்டும், எது எச்சம், எது முற்று என்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். உங்கள் மகள் நேரம் போவது தெரியாமல் செய்துகொண்டிருந்தது அந்த வேலையைத்தான்.

வழி இதுதான். பக்கத்து ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் மூன்று வருஷம் பி.ஏ. தமிழ். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம். வீட்டிலிருந்தே போய் வரலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். பிறகு இரண்டு வருஷம் எம்.ஏ. மொழியியல். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் அதற்கென்று துறைகள் இருக்கின்றன. வெளியே போக மனமிருந்தால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம். அதற்கு கியூட் என்கிற பொது நுழைவுத் தேர்வில் முதுநிலைக்கானதை எழுத வேண்டும். எம்.ஏ. கடைசி வருஷத்திலேயே, கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான நெட் தேர்வை எழுதலாம். தமிழும் மொழியியலும் அதில் தனித்தனிப் பாடங்கள். ஜே.ஆர்.எஃப். என்கிற அந்த உதவித்தொகை கிடைத்து ஆராய்ச்சியில் சேர்ந்தால், முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய்.

வேலை எங்கே என்று கேட்பீர்கள். மைசூரில் 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. இந்திய மொழிகளின் பேச்சையும் எழுத்தையும் திரட்டிக் குறிப்பு சேர்க்கிற பெரிய வேலை அங்கே நடக்கிறது. தேசிய மொழிபெயர்ப்புத் திட்டமும் அங்கிருந்துதான். சென்னை ஐ.ஐ.டி.யில் இந்திய மொழிகளுக்கான செயற்கை நுண்ணறிவை உருவாக்குகிற ஆய்வுக்கூடம் இருக்கிறது. உங்கள் தம்பி சொல்கிற கம்ப்யூட்டருக்கே அவள் இந்தப் பக்கத்து வாசல் வழியாகப் போகலாம், நகையை வைக்காமல்.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். இந்த இடங்களில் பல வேலைகள் திட்ட வேலைகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இடங்களும் அதிகமில்லை. மொழியியல் வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். அவளுடைய ஆங்கிலம் இப்போது போதாது. இதை அவளிடமே சொல்லிவிட்டேன், முகம் சுண்டிப்போயிற்று. பரவாயில்லை, மூன்று வருஷம் இருக்கிறது. தினமும் ஒரு பக்கம் ஆங்கிலம் படிக்கட்டும், இரண்டாம் வருஷத்தில் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் நிரல் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும். கணக்கு வராதவளுக்கு அது எப்படி வரும் என்று பயப்பட வேண்டாம். சொற்களைப் பிரிக்கிற அளவுக்கு நிச்சயம் வரும். மூன்று வருஷம் கழித்து மனசு மாறி ஆசிரியராகத்தான் போவேன் என்றாலும் அந்த பி.ஏ. வீணாகாது. கடனும் இருக்காது.

தம்பி மறுபடி போன் செய்தால் என் நம்பரைக் கொடுங்கள். அவரோடு நான் பேசிக்கொள்கிறேன். மகளுக்கு முன்னால் மட்டும் இந்தப் பேச்சு வேண்டாம். அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பம் இணையத்தில் திறந்ததும், இ-சேவை மையத்தில் அவள் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள். சாதிச் சான்று, மாற்றுச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் முன்னாலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம், அந்தத் தேர்வுத் தாள் என்னிடமே இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் 'குளித்து' என்பதற்கு மூழ்கி என்று அவள் சரியாகப் பொருள் எழுதியிருக்கிறாள், திருத்தியவர் கோடு போட்டிருக்கிறார். அதைப் பற்றி அவளிடம் பேச வேண்டும். அடுத்த ஞாயிறு அனுப்பி வையுங்கள்.