கீழ்ப் பல்செட்டைத் தாங்கும் இம்பிளாண்டைச் சுற்றி எலும்பு கரைந்துவிடுமா?

அம்மாவுக்குக் கீழ்ப் பல்செட்டைப் பிடித்துக்கொள்ள இரண்டு இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் உலோகத் திருகு) வைத்திருக்கிறார்கள், சுற்றியுள்ள எலும்பு தங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பயப்படாதீர்கள். முதல் வருடத்தில் சுமார் 1 மி.மீ. குறையலாம். அப்புறம் வருடத்துக்கு 0.2 மி.மீ.க்குள் இருந்தால் சரி என்பது 1986-இலிருந்து இருக்கும் அளவுகோல்.

எனக்கு அதிகக் கவலை ஈறு பற்றித்தான். இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேரோடு பின்னிப் பதிந்திருக்கும். இம்பிளாண்டில் அவை சட்டைக் காலர் மாதிரி சும்மா சுற்றி நிற்கின்றன. கிருமி சுலபமாக உள்ளே இறங்கிவிடும். முதலில் ஈறு சிவக்கும், துலக்கும்போது ரத்தம் கசியும். பெரும்பாலும் வலி இருக்காது, அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டத்தில் நன்றாகச் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். எலும்பு போனபிறகு மீட்பது மிகக் கடினம்.

இன்றிரவு செட்டைக் கழற்றியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். இம்பிளாண்டின் மேல் செட் மாட்டிக்கொள்ளும் உலோகக் குமிழின் அடியில், நாக்குப் பக்கமாக, மஞ்சள் படலம் ஒட்டியிருக்கும். மெல்லிய பிரஷ்ஷை அங்கே சுற்றி ஓட்ட வேண்டும். செட்டின் உள்பக்கக் குழியையும் தேயுங்கள். தூங்கும்போது செட் வாயில் வேண்டாம்.

சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். புகை கூடவே கூடாது. செட் ஆடினால் அதன் உள்ளே குமிழைப் பிடிக்கும் வளையம் தேய்ந்திருக்கலாம், மாற்றிவிடலாம். ஆனால் இம்பிளாண்டே ஆடினால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.